சிந்தாத கை

பிரம்மநாயகி ஊற்றினால் ஒரு சொட்டுக் கீழே விழாது. திருநெல்வேலி டவுனில் அவள் குடியிருந்த தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். கல்யாணப் பந்தியில் நெய் பரிமாற அவளைத்தான் கூப்பிடுவார்கள். செம்பைச் சாய்த்து, பருப்பின் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு விட்டு, மணிக்கட்டை ஒரு சுழி சுழித்து நிமிர்த்திவிடுவாள். செம்பின் மூக்கில் தொங்கப்போகும் கடைசிச் சொட்டு அந்தச் சுழிப்பில் உள்ளே திரும்பிவிடும். முந்நூறு இலைக்கும் ஒரே அளவுதான். "நாயகி மதினிக்குக் கையிலயே தராசு இருக்கு" என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். எங்கே பழகினாய் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. ஆழ்வார்குறிச்சியில் வயலும் வாய்க்காலுமாக வாழ்ந்த குடும்பத்துப் பெண், அம்மா வீட்டில் பழகியிருப்பாள் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள்.

அம்மா வீட்டில் அவள் பழகவில்லை. புருஷன் கைலாசம் பழக்கினார்.

கைலாசம் ஒரு அரசாங்க அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்தார். நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளிக்கிழமை தவறாமல் கோவில், அதிர்ந்து பேசாத குரல். யாரையும் கைநீட்டி அடித்தார் என்று எதிரிகூடச் சொல்ல முடியாது. எண்பத்தொன்றில் ஏதோ பயிற்சிக்கு என்று மூன்று வாரம் பெங்களூருக்குப் போனார். அங்கே தெரிந்தவர் ஒருவர் அவரை ஒரு கிளப்புக்குக் கூட்டிப்போனார். வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பணியாள் கிளாசில் பிராந்தி ஊற்றியதைப் பார்த்துவிட்டு, அவர் மயங்கிப்போய் ஊருக்குத் திரும்பினார். மயங்கியது பிராந்தியில் இல்லை. பக்கத்தில் ஒருவன் மூச்சுக் காட்டாமல் நின்றுகொண்டு நமக்காகவே ஊற்றுகிறான் பாருங்கள், அதில்தான்.

"குடிகாரன் ரோட்டுல விழுவான். நான் என்ன குடிகாரனா? சாயங்காலம் ஏழு மணிக்கு ரெண்டே ரெண்டு கிளாசு. வீட்டுக்குள்ள, கதவைச் சாத்திக்கிட்டு. நீதான் ஊத்தணும்" என்றார்.

பிரம்மநாயகிக்கு அப்போது முப்பத்தொரு வயது. மகள் விஜயஸ்ரீக்கு ஏழு.

முதல் மாதம் முழுக்க வெறும் தண்ணீர்தான். காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, தினமும் பத்து முறை ஊற்றிக் காட்ட வேண்டும். கிளாசைத் துடைத்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். விரல் ரேகை தெரியக் கூடாது. பாட்டிலின் கழுத்தைப் பிடிக்காமல் வயிற்றைப் பிடிக்க வேண்டும். ஒட்டியிருக்கும் லேபிள் அவர் பக்கம் பார்த்திருக்க வேண்டும். பாட்டிலின் வாய் கிளாசில் முட்டக் கூடாது, நடுவில் ஒரு விரல் இடைவெளி. அவசரப்பட்டுக் கவிழ்த்தால் காற்று உள்ளே புகுந்து திக்கித் திக்கி விழும். அது அவருக்கு ஆகாது. நூல் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். அளவு வந்ததும் மணிக்கட்டைச் சுழித்து நிமிர்த்த வேண்டும். சோடாவை உடைத்ததும் அதன் சீற்றம் அடங்கட்டும் என்று காத்திருந்து, கிளாசின் உள்சுவரில் படும்படி பைய வழியவிட வேண்டும். சித்திரை வெயிலில் பீர் என்றால் கிளாசைச் சாய்த்துப் பிடித்து ஆரம்பித்து, பாதி நிறைந்ததும் நிமிர்த்தி, மேலே ஒரு விரற்கடை நுரையோடு நிறுத்த வேண்டும்.

மேசையில் ஒரு சொட்டு விழுந்தால் அதற்கு ஒரு தண்டனை வைத்திருந்தார். அவள் வலது கையை நேரே நீட்ட வேண்டும். புறங்கையின் மேல், விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய டம்ளரை வைப்பார். அவர் தன் கிளாசைக் குடித்து முடிக்கிற வரை அப்படியே நிற்க வேண்டும். டம்ளர் தளும்பினால் இன்னொரு கிளாசு ஊற்றச் சொல்லி, அதையும் குடித்து முடிக்கிற வரை. இதற்காகவே அன்றைக்கெல்லாம் மெல்ல மெல்ல உறிஞ்சுவார். அப்போதும் முகத்தில் கோபம் இருக்காது. பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

விஜயஸ்ரீ அதே அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒரு நாள் அம்மாவின் முழங்கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, அந்த டம்ளரை எடுக்க எழுந்து வந்தாள்.

"எடு தாயி. நீ எடுத்தா உங்கம்மா நாளைக்கு ரெண்டு கையிலயும் பிடிப்பா" என்றார் கைலாசம், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிள்ளை அம்மாவைப் பார்த்தாள். பிரம்மநாயகி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். விஜயஸ்ரீ திரும்பிப் போய் உட்கார்ந்து பதினாறாம் வாய்ப்பாட்டை எழுதினாள். அதன்பிறகு அவள் எழுந்து வரவேயில்லை.

இரண்டு வருஷத்தில் பிரம்மநாயகி சிந்துவது நின்றுபோயிற்று. ஐந்து வருஷத்தில் அவள் கிளாசைப் பார்ப்பதையும் விட்டுவிட்டாள். காலிக் கிளாசில் விழும் சத்தம் தடித்து இருக்கும். நிறைய நிறைய அது மெலிந்து மேலே ஏறும். எந்த இடத்தில் இரண்டு விரல், எந்த இடத்தில் மூன்று விரல் என்று காதே சொல்லிவிடும். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. பாட்டிலை நிமிர்த்தி, மேசை காய்ந்திருப்பதைப் பார்க்கிற அந்த ஒரு நொடியில் மனசுக்குள் ஒரு நிறைவு வரும். அது வருகிறதே என்று தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருக்கும். இரண்டும் தினமும் ஏழு மணிக்கு வந்து போயின.

தொண்ணூற்று நான்காம் வருஷத் தீபாவளி அன்று சாயங்காலம் கைலாசத்தின் சிநேகிதர்கள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களில் சிவசைலம் என்பவர் கொஞ்சம் வாய் நீளம். பிரம்மநாயகி ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, "எம் வீட்டுக்காரி கண்ணைத் தொறந்துக்கிட்டே தரையில ஊத்துவா வே" என்றார்.

"நாயகி கண்ணை மூடிக்கிட்டே ஊத்துவா. பாக்கேரா?" என்றார் கைலாசம்.

தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவரே அவள் கண்ணைக் கட்டினார். மேசையில் ஐந்து பாத்திரங்களை வரிசையாக வைத்தார்: இரண்டு கண்ணாடிக் கிளாசு, ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு பித்தளைச் செம்பு, கடைசியாக ஒரு குட்டி வெள்ளி டம்ளர். ஐந்திலும் ஒரே அளவு ஊற்ற வேண்டும். அவள் கையைப் பிடித்து ஒவ்வொன்றின் விளிம்பையும் ஒரு தடவை தொட வைத்தார். நடுவயதுப் பெண்ணொருத்தி கண்ணில் துண்டோடு, நாலு ஆண்களுக்கு நடுவில் பிராந்தி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுக்களையில் இருபது வயது விஜயஸ்ரீ சுசியத்துக்குப் பூரணம் உருட்டியபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான்கு பாத்திரம் முடிந்தது. ஐந்தாவதற்கு அவள் பாட்டிலை எடுத்துப் போகும்போது, கைலாசம் உதட்டில் விரலை வைத்து மற்றவர்களுக்குச் சாடை காட்டிவிட்டு, அந்த வெள்ளி டம்ளரை இடது பக்கம் ஒரு சாண் தள்ளி வைத்தார். மரத்தில் அடிப்பாகம் உரசியது மெல்லிய சத்தம்தான். பிரம்மநாயகிக்குக் கேட்டுவிட்டது. தன்னைச் சிந்த வைத்துச் சிரிக்கப்போகிறார்கள் என்று புரிந்தது. சிந்திவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் கை இடது பக்கம் ஒரு சாண் நகர்ந்து, நூல் பிடித்தாற்போல் வெள்ளி டம்ளருக்குள் ஊற்றிச் சுழித்து நிமிர்ந்துவிட்டது.

சிவசைலம் மேசையில் ஓங்கி அடித்தார். "ஓய் கைலாசம்! உம்மையே முட்டாளாக்கிட்டாவளே மதினி!"

எல்லோரும் சிரித்தார்கள். கைலாசமும் சிரித்தார்.

மறுநாள் காலையில் அவர் காப்பி டம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

"நேத்து நான் நகத்துனது உனக்குத் தெரியுமா?"

"சத்தம் கேட்டுது."

"தெரிஞ்சே என்னை நாலு பேர் முன்னால கோமாளியாக்கிட்டே."

"கை அதுவாப் போயிட்டுங்க."

"சரி, அந்தக் கையை நீட்டு."

நீட்டினாள். அவள் கைக்கு நேர் கீழே டபராவை வைத்தார். அடுப்பிலிருந்து இறக்கிச் சூடு ஆறாத காப்பியை அவள் புறங்கையின் மேல், அவளுக்குச் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி நூலாக விட்டார். அரை டம்ளர் தீருகிற வரை விட்டார். புறங்கையில் பட்டு வழிந்ததெல்லாம் டபராவுக்குள்தான் விழுந்தது. மேசையில் ஒரு சொட்டு இல்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினார்.

விஜயஸ்ரீ பேனா மையை எடுத்துவந்து அம்மாவின் கையில் தடவினாள். தோல் அதற்குள் பொரிந்து எழும்பியிருந்தது.

"நீ ஏம்மா கையை இழுக்கல?"

"இழுத்தா தரையில சிந்தும்லா" என்றாள் பிரம்மநாயகி.

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே கேட்டது. விஜயஸ்ரீ அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். மறு வருஷம் திருச்சியில் கல்யாணம் ஆகிப் போனவள், பொங்கலுக்குக்கூட வரவில்லை.

தொண்ணூற்றாறு மாசி மாதம், குளித்துவிட்டு ஈர வேட்டியைப் பிழியும்போது கைலாசம் சரிந்து விழுந்தார். பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பக்கவாதம். வலது கையும் காலும் போயிற்று, இடது கையிலும் பலம் இல்லை. பேச்சுப் போயிற்று, அடித்தொண்டையிலிருந்து 'ஆ' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. ஆனால் நினைவு கொஞ்சமும் கலங்கவில்லை. கண்ணைப் பார்த்தாலே தெரியும்.

"விழுங்குற நரம்பும் கெட்டுப்போச்சும்மா" என்றாள் அங்கிருந்த நர்ஸ். "குழைச்ச சோத்தைவிடத் தண்ணிக்குத்தான் ரொம்பப் பயப்படணும். தண்ணி வேகமா ஓடிரும். ஓடுனா நெஞ்சுக்குள்ள போயி, அதுல சளி கட்டி ஆளையே கொண்டுபோயிரும்."

தலையணை வைத்து நிமிர்த்தி, தாடையைத் தாழ்த்தி, வாயின் நல்ல பக்கமாக அரை ஸ்பூன் விட வேண்டும். தொண்டைக் குமிழ் ஏறி இறங்குகிற வரை காத்திருந்து அடுத்த அரை ஸ்பூன். நர்ஸ் ஒரு தடவைதான் செய்து காட்டினாள். பிரம்மநாயகி ஸ்பூனை வாங்கினாள். ஒரு டம்ளர் தண்ணீரை முக்கால் மணி நேரம் ஊற்றினாள். அவர் ஒரு முறைகூட இருமவில்லை, உதட்டோரம்கூட நனையவில்லை. "எங்க வார்டுல எனக்கே இப்படி வராது" என்று நர்ஸ் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஆஸ்பத்திரி முழுக்க அவள் பேச்சுத்தான்.

பங்குனியில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவரைப் புரட்டிப் போடவும் துடைக்கவும், குறுக்குத்துறைப் பக்கமிருந்து மாரிக்கண்ணு என்று ஒருத்தி பகல் வேலைக்கு வந்தாள். நாற்பது வயது, நல்ல உடல்கட்டு. சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்விடுவாள்.

வீட்டுக்கு வந்த அன்று ஏழு மணி அடித்ததும் கைலாசத்தின் கண் அலமாரிப் பக்கம் போயிற்று. பிரம்மநாயகி பழக்க தோஷத்தில் அலமாரியைத் திறந்து கிளாசைத் துடைத்தாள், வெளிச்சத்தில் பார்த்தாள், பிராந்தியை ஊற்றினாள், சோடாவை வழியவிட்டாள். கிளாசை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனபோதுதான் டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. இனி ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது.

அவர் வாயைத் திறந்துவைத்திருந்தார். கூட்டில் கிடக்கிற குஞ்சு மாதிரி. கடைவாயில் எச்சில் கூடி வழிந்தது.

அவள் அங்கேயே நின்றாள். திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. கிளாசை அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கால் முதல் ஒரு இளஞ்சூடு ஏறியது. கால் மணி நேரம் கழித்து அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. கிளாசை வாசல்பக்கத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்து, இரவுக் கஞ்சியை ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊட்டிவிட்டாள்.

மறுநாளிலிருந்து சோடா சேர்க்கவில்லை. பிராந்தியை மட்டும் ஊற்றி, அவர் கண்ணெதிரே கால் மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, புனல் இல்லாமலேயே பாட்டிலின் குறுகிய வாய்க்குள் திரும்ப ஊற்றிவிடுவாள். இரண்டு கிளாசும் அப்படித்தான். ஒரே பாட்டில் மாதக்கணக்கில் வந்தது. வாசனை மட்டுப்படும்போது சிவசைலத்திடம் சொல்லிப் புதுப் பாட்டில் வாங்குவாள்.

சிவசைலம் ஒரு நாள் சிநேகிதனின் கண்ணைப் பார்க்க முடியாமல் சொன்னார். "பாவம், மதினி. ஒரே ஒரு சொட்டு. நாக்குல தடவிவிட்டா என்ன ஆயிரப்போவுது?"

"டாக்டர் வேண்டாம்னுட்டாவளே அண்ணாச்சி."

"அப்பம் பாட்டில் எதுக்கு?"

"அவிய பழகின வாசனை. பக்கத்துல இருந்தா ஒரு ஆறுதல்தான?"

சிவசைலம் தலையை ஆட்டிக்கொண்டார். வெளியே போய், மதினி மாதிரி ஒரு உத்தமியைப் பார்க்க முடியாது என்று தெரு முழுக்கச் சொன்னார். அவள் கவனிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லைதான். முதுகில் ஒரு புண் வரவில்லை. ஒரு நாள்கூடப் புரை ஏறவில்லை. டாக்டரே அதிசயப்பட்டார்.

ஐப்பசியில் ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டது. மாரிக்கண்ணு ஆறு மணிக்குக் கிளம்ப முடியாமல் பின்கட்டில் ஒதுங்கி நின்றாள். ஏழு மணிக்கு, 'ஆ' என்று கைலாசம் சத்தம் போடுவது கேட்டு உள்ளே வந்தாள். நிலைப்படியில் நின்று முழுவதையும் பார்த்தாள். பிரம்மநாயகி இரண்டாவது கிளாசைப் பாட்டிலுக்குள் திரும்ப ஊற்றி மூடியைத் திருகிய பிறகுதான் மாரிக்கண்ணு வாயைத் திறந்தாள்.

"தெனமும் இதான் நடக்காக்கா?"

பிரம்மநாயகி பாட்டிலை அலமாரியில் வைத்துச் சாத்தினாள்.

"எம் புருசன் குடிச்சிட்டு வந்து அடிப்பான்க்கா. நானும் வெறகுக்கட்டையை எடுத்துத் திருப்பிப் போடுவேன். அவன் ரெண்டு காலுல நிக்கையில போட்டேன். படுத்த பெறவு கஞ்சிதான் ஊத்துனேன்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது மாரி."

"உங்க கையில இருக்க தழும்பை நான் பாக்கலையாக்கா? தெரிஞ்சிதான் சொல்லுதேன். நாளையிலேருந்து வேற ஆளைப் பாத்துக்கோங்க."

மழை விடவில்லை. ஆனாலும் அவள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். பிரம்மநாயகி வேறு ஆள் வைத்துக்கொள்ளவில்லை. ஆறடி மனிதரை ஒற்றையாகவே புரட்டினாள்.

அடுத்த தை மாதத்தில் கைலாசம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஏழு மணி ஆனதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இரண்டு நாள் அவள் கிளாசோடு நின்று பார்த்தாள், அவர் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அவர் காதருகே கிளாசை வைத்து ஊற்றினாள். தடித்த சத்தம் மெலிந்து மெலிந்து மேலே ஏறியது. பதினைந்து வருஷம் கேட்ட சத்தம். எந்த இடத்தில் இரண்டு விரல் என்று அவருக்கும் தெரியும். மூடிய இமைக்குள் விழி உருண்டது. காதை மூட அவருக்குக் கை இல்லை. இடது கையில் விரல்கள் மட்டும்தான் அசைந்தன. அவை போர்வையைப் பிறாண்டின.

ஆடியில் அவர் விழுங்குவதை நிறுத்தினார். முடியாமல் இல்லை, வேண்டுமென்றேதான். கஞ்சியை வாயில் வாங்கி, அவளையே பார்த்துக்கொண்டு, கடைவாய் வழியாக வெளியே விட்டார். கழுத்தில் வழிந்து மெத்தை நனைந்தது. அவள் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினாள். மறுபடியும் வெளியே விட்டார். நான்கு நாளில் கண் குழி விழுந்தது. டாக்டர் வந்து மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் செருகினார். கொஞ்சம் தேறியிருந்த இடது கையால் அவர் அதைப் பிடுங்கி எறிந்தார். மறுபடி செருகி, அந்தக் கையைப் பழைய வேட்டிக் கிழிசலால் கட்டில் சட்டத்தோடு கட்டச் சொன்னார்கள். பிரம்மநாயகிதான் கட்டினாள்.

குழாயின் தலையில் ஒரு பெரிய ஊசிக்குழலை மாட்டி, அதில் கஞ்சித் தெளிவை ஊற்றிப் பிடிக்க வேண்டும். கையை உயர்த்தினால் வேகமாக இறங்கும், தாழ்த்தினால் நின்றுவிடும். அதையும் அவள் ஒரே நாளில் பழகிக்கொண்டாள். இனி அவர் வாயைத் திறக்கவும் வேண்டாம், விழுங்கவும் வேண்டாம். பிழைத்துக் கிடக்க அவருடைய சம்மதமே தேவையில்லாமல் போயிற்று. ஏழு மணிச் சத்தமும் நிற்கவில்லை.

மூன்று மாதம் அப்படி இருந்தார். ஐப்பசி கடைசியில் ஒரு நாள் காலை, அவள் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றிருக்கிறது. அவள் ஊசிக்குழலோடு வந்து பார்த்தாள், தெரிந்துகொண்டாள். கஞ்சி சூடாக இருந்தது. ஆறட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பதமாகிவிட்டதைப் பார்த்து எழுந்தபோதுதான், இனி இதை ஊற்ற வேண்டியதில்லை என்பது உறைத்தது. நிம்மதி வரும் என்று பல நாள் நினைத்திருந்தாள். வந்ததா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். பசிதான் எடுத்தது. அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டு அவளே குடித்துவிட்டு, பிறகு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, விஜயஸ்ரீ அலமாரிச் சாமான்களை ஒதுங்க வைத்தாள். பாட்டில் இருந்தது.

"அப்பாக்குக் குடுக்கக் கூடாதுன்னாங்கள்ல? இது யாருக்கும்மா? போன மாசம்கூட வாங்கிக் குடுத்தேன்னு சிவசைலம் மாமா சொல்லுதாவ."

பிரம்மநாயகி மகளிடம் மறைக்கவில்லை. உட்கார்ந்து, முதல் நாள் ஏழு மணியிலிருந்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். மகளுக்காவது புரியும் என்று நினைத்தாள். டம்ளரை எடுக்க எழுந்து வந்த பிள்ளை, கையில் மை தடவிய பிள்ளை.

விஜயஸ்ரீ கடைசி வரை கேட்டாள். ஐந்து மாதக் கர்ப்பம். வயிற்றில் கைவைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா செத்துட்டாங்கன்னு தந்தி வந்தப்பம் எனக்கு அழுகையே வரல. ரயில்ல வரையில, இனி எங்கம்மாகூட இருக்கலாம், திருச்சிக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்னுதான் நெனச்சிட்டு வந்தேன்."

"விஜி..."

"நீ அவரை அடிச்சிருந்தாக்கூடப் பரவால்லம்மா. வெசத்தை ஊத்தியிருந்தாக்கூட. இப்பம் உன்னைப் பாத்தா எனக்கு அவரைப் பாக்க மாதிரியே இருக்கு. பேரப்பிள்ளையை உன் கையில எப்படிக் குடுப்பேன்? ஒரு பாலாடைப் பாலை நீ ஊத்தினா நான் பாத்துக்கிட்டு இருப்பனா?"

அன்று மத்தியானமே கிளம்பிவிட்டாள். ஜங்ஷன் வரைக்கும் வருகிறேன் என்று பிரம்மநாயகி செருப்பை மாட்டியபோது, வேண்டாம் என்று கையை மட்டும் காட்டிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

பென்ஷன் வந்தது. வீடு சொந்தம். பிரம்மநாயகிக்குக் குறை ஒன்றும் இல்லை, வீட்டுக்குள் இருக்கத்தான் முடியவில்லை. பங்குனியில் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறி, பழைய ஆஸ்பத்திரிக்கே போனாள். அந்த நர்ஸ் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். மேட்ரனிடம் கூட்டிப்போய், "குழாய்ல ஊத்துற கேஸ் மட்டும் இப்பம் ஆறு இருக்கு சிஸ்டர். இவங்களைப் போல ஒரு கை கிடைக்காது" என்றாள். மேட்ரனுக்கும் சந்தோஷம். நாளைக்கே வரச் சொன்னாள்.

அப்போது கையில் ஒரு பேசின் பாத்திரத்தோடு மாரிக்கண்ணு அந்த வழியாக வந்தாள். ஒரு வருஷமாக அவள் அங்கேதான் ஆயாவாக வேலை பார்க்கிறாள் என்பது பிரம்மநாயகிக்குத் தெரியாது. மாரிக்கண்ணு அவளைப் பார்த்தாள், நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டாள். பேசினைக் கீழே வைத்துவிட்டு, "சிஸ்டர், ஒரு நிமிசம் இங்கன வாங்க" என்று மேட்ரனை வராந்தாவின் அந்தக் கோடிக்குக் கூட்டிப்போனாள்.

திரும்பி வந்த மேட்ரனின் முகம் மாறியிருந்தது. "வார்டுக்கு இப்பம் ஆள் வேண்டாம்மா."

மாரிக்கண்ணு தூரத்திலேயே நின்றாள். ஒளியவில்லை, தலையையும் குனியவில்லை.

"அவ சொன்னது உள்ளதுதான்" என்றாள் பிரம்மநாயகி. "மனுசங்க பக்கத்துல வேண்டாம். வேற எந்த வேலைன்னாலும் செய்யுதேன்."

மாடியில் துணி அறைக்கு ஆள் தேவைப்பட்டது. வெளுத்து வரும் படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் எண்ணி மடித்து அடுக்குகிற வேலை. மேட்ரன் அதைக் கொடுத்தாள்.

கைலாசம் பிள்ளை பெண்டாட்டி ஆஸ்பத்திரித் துணி மடிக்கிறாளாம் என்று சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார்கள். கல்யாணப் பந்திக்கும் யாரும் கூப்பிடவில்லை. சித்திரைக் கடைசியில் சிவசைலம்தான் எதிர்ப்பட்டுச் சொன்னார்: விஜயஸ்ரீக்குப் பையன் பிறந்து நாற்பது நாள் ஆயிற்றாம். மதினிக்குத் தெரியும் என்று நினைத்திருந்தாராம்.

மறுநாள் ஆஸ்பத்திரி மாடிப்படியில் மாரிக்கண்ணு எதிரே இறங்கி வந்தாள். இருவரும் மழை, வெயில், பஸ் வராதது என்று இரண்டு வார்த்தை பேசிக்கொள்வது வழக்கம்தான்.

"பேரன் பொறந்திருக்கானாம் மாரி. திருச்சியில."

"பாக்கப் போகலையாக்கா?"

"கூப்பிடல."

மாரிக்கண்ணு படியில் ஒரு கணம் நின்றாள். கீழே வார்டில் யாரோ மணி அடித்தார்கள். "கூப்புடுதாங்க" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள். பிரம்மநாயகி மேலே ஏறி, அன்றைக்கு வந்திருந்த விரிப்புகளை முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.